விளக்குத் திரி சாய்ந்த பக்கம்

இது நடந்து மூன்று ஆண்டுகள் இருக்கும். தை மாதம்; இத்தாலியின் பலெர்மோ நகரில் மழை விடாமல் பெய்யும் காலம். நானும் மனைவியும் நெடுங்காலம் குடியிருந்த கீழ்த்தள வீட்டை விற்பதென்று முடிவு செய்திருந்தோம்.

முடிவுக்குக் காரணம் ஒரு சுவர். நாங்கள் சமைக்கும் குசினியின் பின்சுவர் ஒவ்வொரு மாரியிலும் ஈரம் ஊறிக் கறுக்கும். கோடையில் பூஞ்சணத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசுவேன். அடுத்த மாரியில் அதே இடத்தில், அதே வடிவத்தில் அது திரும்பி வரும். மனைவிக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் பகல் முழுக்கக் கூட்டித் துடைக்கும்போது வராத இளைப்பு, எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து சிறிது நேரத்தில் வந்துவிடும். அந்த மாரியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவும் நேர்ந்தது. மருத்துவர் நீளமாகப் பேசவில்லை. மருந்தை மாற்றுவதை விட வீட்டை மாற்றுவது நல்லது என்றார்.

மாற்றுவதற்கு ஒரு வீடும் கிடைத்திருந்தது. மூன்றாம் மாடி, இரண்டு பக்கமும் ஜன்னல், காலையிலிருந்தே வெயில். அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஈஸ்டர் வரை காத்திருப்பேன், அதற்குப் பிறகு கேட்டு வருபவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டை வாங்க ஒரு பள்ளி ஆசிரியை ஒப்புக்கொண்டிருந்தார். வடக்கிலிருந்து வேலை மாற்றலாகி வந்தவர். பழைய தடித்த சுவர்கள் அவருக்குப் பிடித்திருந்தன. அவர் எங்களிடம் வாங்கினால்தான் நாங்கள் ஓட்டுநரிடம் வாங்க முடியும். மனைவியின் மூச்சு அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே வீடு விற்பதற்கு ஒரு விதி உண்டு. அரசிடமும் நகரசபையிடமும் இருக்கும் வரைபடமும், நிற்கிற வீடும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். 'ஜியோமெத்ரா' என்று அழைக்கப்படும் அளவையாளர் ஒருவர் நேரில் வந்து, ஒவ்வொரு சுவரையும் அளந்து, ஒத்துப்போகிறது என்று எழுதித் தர வேண்டும். அவர் எழுதாவிட்டால், உறுதிப் பத்திரம் எழுதி முடிக்கும் நோத்தாயோ என்ற சட்ட அதிகாரி பேனாவைத் தொடமாட்டார்.

இங்குள்ள எங்கள் யாழ்ப்பாணச் சனத்தில் பலர் இதை ஒரு விருந்தாளி வருவதுபோல எடுத்துக்கொள்வார்கள். மனைவியும் அப்படித்தான். வீட்டைக் கழுவினாள், திரைச்சீலை மாற்றினாள், ரோல்ஸ் பொரித்தாள். வந்த ஜியோமெத்ரா ஐம்பது வயது மதிக்கத்தக்க பலெர்மோக்காரர். மெலிந்த உடம்பு, சிரிக்காத முகம். ரோல்ஸ் சாப்பிட்டார், இன்னொன்று எடுத்தார், பிறகு விரல் முட்டியால் குசினியின் மூலையில் இருந்த தடுப்பைத் தட்டினார்.

"இது வரைபடத்தில் இல்லை."

அது எங்கள் சாமியறை. வீட்டுக்கு வந்த புதிதில் ஜிப்சம் பலகை வாங்கி நானே அடித்த தடுப்பு. அதற்குள் ஒரு தட்டு, அம்மன் படம், விளக்கு. இங்குள்ள சைவக் குடும்பங்கள் பலவற்றின் வீடுகளில் இப்படி ஒரு மூலை மறைத்துக் கட்டப்பட்டிருக்கும். அதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. சாமிக்கு இடம் ஒதுக்குவதை நாங்கள் கட்டட வேலையாக எண்ணுவதில்லை. அவருக்கு அது அனுமதியில்லாத ஓர் அறை. கழற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்றார். பின்சுவர் வரைபடத்தில் காட்டியதை விடத் தடிப்பாக இருப்பதையும் கவனித்தார். ஆனால் அந்தக் கட்டடம் ஒருகாலத்தில் எலுமிச்சைத் தோட்டத்துக் காவல் வீடு. தோட்டம் போய், மேலே மாடிகள் ஏறி, பக்கத்தில் பேருந்துத் தெரு வந்தும் கீழே அந்தப் பழைய கல்வீடு அப்படியே இருந்தது. பழைய சுவர்கள் அப்படித்தான் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மனைவி சாமியறை வாசலில் நின்றாள்.

"என்னப்பா, சாமியைத் தூக்கச் சொல்லுறாரோ?"

"சாமியை இல்லை, தடுப்பை."

"தடுப்பை எடுத்தால் சாமி குசினிக்குள்ளையோ நிக்கிறது? மீன் பொரிக்கிற இடத்திலை?"

கடைசியில் தடுப்பு போனது, தட்டு சுவரிலேயே இருந்தது. வீடு மாறும் நாள் வரை விளக்கு அங்கேயே எரிய வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அதற்கு ஈடாக எங்கள் வீட்டில் மீனும் முட்டையும் சமைப்பது நின்றது. நான் வேலை செய்யும் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக்கடையில் மீன் மணத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பருப்பும் கீரையும் சாப்பிட்டேன்.

அந்த விளக்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கம் முதலே அதன் சுடர் நேராக எரிந்ததில்லை. எப்போதும் சுவரிலிருந்து எங்கள் பக்கமாகச் சற்றுச் சாய்ந்தே நிற்கும். அம்மாள் மூச்சு விடுகிறா என்பாள் மனைவி. நான் அடித்த தடுப்பின் இடுக்கால் காற்று வருகிறது என்பேன் நான். ஊரில் பத்திரிகையில் வேலை செய்தவன்; எதற்கும் ஒரு காரணம் எழுதிவிடுவது என் பழக்கம். இருவரும் எங்கள் விளக்கத்தோடு நிம்மதியாக வாழ்ந்தோம்.

ஜியோமெத்ரா மறுபடி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வெளியே காற்றும் மழையும். கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது. மனைவி சற்று முன்னர்தான் விளக்கேற்றியிருந்தாள். அவர் லேசர் அளவுகோலைச் சுவருக்குச் சுவர் நீட்டி, எண்களைக் குறித்து, தலையாட்டிக்கொண்டே வந்தார். பின்சுவருக்கு வந்ததும் நின்றார். அளவுகோலை மேசையில் வைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது விளக்கை.

தடுப்பு இல்லை. இடுக்கு இல்லை. கதவுகள் சாத்தியிருந்தன. சுடர் சுவரிலிருந்து எங்கள் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அவர் தட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ளங்கையைப் பிடித்தார். பிறகு என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். குளிர்ந்த காற்று, மிக மெல்லியதாக, விட்டுவிடாமல் வந்துகொண்டிருந்தது. தட்டைக் கழற்றலாமா என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, மனைவியிடம் கேட்டார். அவள் படத்தையும் விளக்கையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, ஓம் என்று தலையசைத்தாள்.

ஆணியைப் பிடுங்கியதும் அதோடு ஊறிப்போன பூச்சும் ஒரு கைப்பிடி அளவுக்கு உதிர்ந்தது. அந்த இடத்தில் விரல் நுழையும் அளவு ஒரு துவாரம். உதிர்ந்த காரைத் துண்டு ஒன்றை எடுத்து ஜியோமெத்ரா அதற்குள் தள்ளினார்.

ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்குள் விழும் கல் உடனே எங்காவது தட்ட வேண்டும், அது தட்டவில்லை. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு எங்கோ ஆழத்தில், எங்கள் காலுக்கு வெகு கீழே, தண்ணீரில் ஒரு சத்தம்.

ஜியோமெத்ரா சிலுவை போட்டுக்கொண்டார். மனைவி கை கூப்பினாள். நான் கைப்பேசி வெளிச்சத்தைத் துவாரத்துக்குள் காட்டினேன். பின்னால் வெறும் இருட்டு. அந்தச் சுவர் தடித்த சுவரே அல்ல. அது ஒரு கிணற்றை மறைத்த மெல்லிய திரை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினார். அராபியர் இந்தத் தீவை ஆண்ட காலத்தில், மலையடியில் ஊறும் நீரைத் தோட்டங்களுக்குக் கொண்டுவர நிலத்தடியில் கால்வாய் வெட்டினார்கள். 'கனாத்' என்று அதற்குப் பெயர். இடையிடையே மேலிருந்து கிணறுபோல் இறக்கிய குழிகள் இருக்கும். நகரத்தின் கீழே இப்படிச் சில இருப்பது தெரியும். தெரியாதவை இன்னும் இருக்கலாம். எங்கள் குசினி அப்படி ஒரு குழியை ஒட்டி நிற்கிறது. மேலே மாடி கட்டியவர்கள் குழியின் தலையை அடைத்துவிட்டார்கள். அடைபட்ட ஈரக் காற்றுக்கு வேறு வழியில்லை, எங்கள் சுவரால் கசிகிறது.

மனைவியை இளைக்க வைத்ததும், அவள் விளக்கைச் சாய்த்ததும் ஒரே காற்று.

பிறகு அவர் தொழிலுக்குத் திரும்பினார். கேட்ட சத்தத்தைக் கேட்கவில்லை என்று தன்னால் எழுத முடியாது என்றார். அவர் எழுதினால் பழம்பொருட்களுக்குப் பொறுப்பான அரச அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் வந்து பார்த்து முடிவு சொல்லும் வரை விற்பனை நிற்கும். எவ்வளவு காலம் என்று கேட்டேன். மழையைப் பார்த்துக்கொண்டு கையை விரித்தார். வாசலில் குடையை விரிக்கும்போது, வேறொரு ஜியோமெத்ராவைக் கூப்பிட உங்களுக்கு உரிமை உண்டு, எல்லோரும் தட்டைக் கழற்றமாட்டார்கள் என்று தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

அதை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு கைப்பிடி சாந்து போதும் அந்தத் துவாரத்துக்கு. ஈஸ்டருக்கு முன் உறுதி முடித்து, அவளை வெயில் இருக்கும் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம். தெரிந்த ஒருவரிடம் இன்னொரு ஜியோமெத்ராவின் எண்ணும் வாங்கிவிட்டேன். கிணறு ஆயிரம் ஆண்டு காத்திருந்ததென்றால் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டுமே என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் மூச்சுப் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"கிணத்தைச் சொல்லாமல் எழுதினால் அது உறுதியோ?"

யாழ்ப்பாணத்தில் காணி உறுதி பார்த்தவர்களுக்கு அவள் சொன்னது விளங்கும். அங்கே ஒரு காணி கை மாறும்போது வீடு, பயன்தரு மரம் எல்லாம் எழுதி, அதோடு கிணற்றில் இத்தனை பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்று எழுதாமல் முடிக்கமாட்டார்கள். ஒரே கிணற்றில் நாலு வீட்டுக்குப் பங்கிருக்கும். ஒருவர் விற்றாலும் மற்றவர் பங்கு நிற்கும். அவளுடைய தகப்பனின் உறுதியில் எட்டில் ஒரு பங்கு கிணறு இருந்தது. அந்த எட்டில் ஒன்றுக்காக இரண்டு குடும்பங்கள் ஒரு தலைமுறை கதைக்காமல் இருந்ததை அவளே சொல்லியிருக்கிறாள்.

"இது அந்த ஊர் இல்லையப்பா," என்றேன். "இஞ்சை கிணறு ஒருத்தரும் எழுதுறேல்லை. நீர் முதலிலை உம்மடை நெஞ்சைப் பாரும்."

"என்ரை நெஞ்சைத்தான் பாக்கிறன். அந்த ரீச்சருக்கும் நெஞ்சிருக்கு. நாளைக்கு அவ இந்தச் சுவருக்குப் பக்கத்திலை படுப்பா."

இளைத்துக்கொண்டே சொன்னாள். வெளியேற வேண்டிய அவசரம் அவளுடையது. காத்திருப்போம் என்று சொல்லும் உரிமையும் அவளுடையதுதான். நான் பழைய ஜியோமெத்ராவை அழைத்து எழுதச் சொன்னேன். எழுதுவதாக ஒப்புக்கொண்டார். பிறகு, உங்கள் சிஞ்ஞோராவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றார்.

ஆட்கள் வருவதற்குள் மாசி பிறந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து ஒருவரும், குகைகளுக்குள் இறங்கிப் பழகிய ஒரு பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் முப்பது வயது தாண்டாதவர். இடுப்பில் கயிறும் கொளுக்கிகளுமாக வந்து, முதல் வேலையாகக் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் வீடுகளில் வேலை செய்த பழக்கம் இருக்க வேண்டும், அல்லது தரையின் பளபளப்பைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். சுவரைக் கல் கல்லாக எண்ணிட்டு எடுத்தார்கள். ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்ததும் விளக்கை உள்ளே நீட்டி, எங்களை ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க விட்டார்கள்.

பார்த்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு மீற்றர் அகலமிருக்கும் குழி, மஞ்சள் நிறக் கல்லில் நேராக இறங்கியது. கட்டியது அல்ல, வெட்டியது. எதிரெதிர்ப் பக்கங்களில் கால் வைக்கப் பள்ளங்கள். சுவர் முழுக்கக் கல் உடைக்கும் பிக்கானின் கொத்துகள், நேற்றுக் கொத்தியதுபோல் கூர் மழுங்காமல், எல்லாம் ஒரே கையின் வீச்சில் வலமிருந்து இடமாகச் சாய்ந்து கிடந்தன. வெட்டியவன் வலக்கைக்காரன் என்றார் அந்தப் பெண். அவ்வளவு தூரம் கீழே, வெளிச்சம் போய் முடிகிற இடத்தில், கறுப்பாக ஒரு மினுக்கம். அது நகர்ந்துகொண்டிருந்தது.

நான் எட்டிப் பார்த்தது கிணற்றை என்று நினைத்துத்தான். கிணற்றுத் தண்ணீர் நிற்கும். இது ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் கயிற்றில் இறங்கினார். தலைவிளக்கு சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாயிற்று. கீழேயிருந்து குரல் வந்தது. முழங்கால் அளவு தண்ணீர், தெளிவு, ஒரு பக்கம் மலையை நோக்கியும் மறுபக்கம் கடலை நோக்கியும் கால்வாய் போகிறது, இரண்டு பக்கமும் முடிவு தெரியவில்லை என்றார். பிறகு எல்லோரையும் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுத் தன் விளக்கை அணைத்தார்.

அந்த இருட்டிலிருந்து சத்தம் ஏறி வந்தது. குழாய்ச் சத்தமும் இல்லை, மழைச் சத்தமும் இல்லை. ஒருவர் தூக்கத்தில் சீராக மூச்சு விடுவதுபோல இருந்தது. வெளியே தெருவில் ஒரு பேருந்து போனது. அது போய் முடிந்த பிறகும் கீழே அது மாறாமல் கேட்டது. இந்த நகரத்தை ஆண்டவர்கள் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் ஒருவருடைய காலத்திலும் இது நின்றதில்லை. நாங்கள் அதன் மேல் தேங்காய் துருவி, தொலைக்காட்சி பார்த்து, கணவன் மனைவிச் சண்டை பிடித்து வாழ்ந்திருக்கிறோம்.

மேலே ஏறி வந்த பிறகு அந்தப் பெண் சரிவைப் பற்றிச் சொன்னார். சரிவு கூடினால் ஓடும் நீர் கல்லை அரித்துக் கால்வாயை இடித்துவிடும். குறைந்தால் தேங்கிவிடும். கண்ணால் பார்த்தால் சரிவே இல்லை என்றுதான் தோன்றும். இருட்டில், குனிந்தபடி, கைவிளக்கோடு கொத்திய மனிதர்கள் அந்தச் சரிவை மலையிலிருந்து தோட்டம் வரை தவற விடாமல் வைத்திருக்கிறார்கள். எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தன் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினார்.

அதில் ஒரு படத்தில் மனைவியின் விரல் நின்றது. கால்வாய்க்குச் சற்று மேலே, குழியின் சுவரில், கையகல மாடம் ஒன்று குடையப்பட்டிருந்தது. அதன் மேல்விளிம்பிலிருந்து கல் கறுத்து, நாக்குப்போல மேல்நோக்கி நீண்டிருந்தது. வெட்டியவர்கள் எண்ணெய் விளக்கு வைத்த மாடம் அது என்றார் அந்தப் பெண். புகை பட்ட கறுப்பு இன்னும் போகவில்லை.

மனைவி திரும்பிச் சுவரைப் பார்த்தாள். தட்டு இருந்த இடத்துக்கு மேலே, எங்கள் விளக்கின் கரி படிந்து, அதே வடிவத்தில் ஒரு கறுப்பு. வெள்ளைச் சுண்ணாம்பில் இது. மஞ்சள் கல்லில் அது. நல்லெண்ணெய் முடிந்த நாட்களில் அவள் ஒலிவ எண்ணெய்தான் ஊற்றுவாள். அவர்களும் அதைத்தான் எரித்திருப்பார்கள் என்றார் அந்தப் பெண். இரண்டு விளக்குகளும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்திருக்கின்றன. வடகிழக்கு மூலை என்று சொல்லி அந்த இடத்தை அவள் தேர்ந்தெடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் அதைத் தற்செயல் என்றே இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அப்போது அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

வந்தவர்கள் சாமான்களைக் கட்டும்போது மனைவி ஒரு கேள்வி கேட்டாள். ஒரு வாளி தண்ணீர் எடுக்கலாமா? குடிக்க வேண்டாம், எடுக்கலாம் என்றார்கள். நிலம் துடைக்கும் வாளியை அவள் ஒதுக்கிவிட்டு, புதிய வாளி ஒன்றைக் கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணின் கயிற்றில் கட்டி நான் இறக்கினேன். வாளி தண்ணீர் மேல் மிதந்தது. ஆட்டினேன், மிதந்துகொண்டே ஆடியது.

"பேப்பரிலை ஊரிலை இருக்கிற கிணறெல்லாம் எழுதின ஆள்," என்றாள் மனைவி. "தாங்கோ இஞ்சை."

கயிற்றை வாங்கி ஒரு சுண்டு சுண்டினாள். கீழே வாளி கவிழ்ந்து தாழும் சத்தம் கேட்டது. பிறகு கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். பாதியில் இளைப்பு வந்தது. நான் கை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை. கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தாள். வாளி மேலே வந்து சேர்ந்தது. அவள் அதில் ஒரு கை அள்ளி முகம் கழுவினாள். அடுத்ததாக அலுவலகத்திலிருந்து வந்த மனிதர் கோட்டுக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார்.

முடிவு வருவதற்குள் ஈஸ்டர் போய்விட்டது. மூன்றாம் மாடி வீடு கை நழுவியது என்றே நினைத்து, நடந்ததை ஓட்டுநரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னதும் தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். திறந்த சுவருக்கு முன் நெடுநேரம் நின்று கேட்டார். வேலைக் காலம் முழுவதும் அவர் பேருந்து ஓட்டியது எங்கள் தெரு வழியாகத்தான். 'இத்தனை காலமும் இதற்கு மேலேதான் ஓட்டினேன்' என்று ஒருமுறை சொன்னார், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னார். போகும்போது, ஆனி வரை பார்க்கலாம், அந்த வீடு எங்கும் ஓடாது என்றார்.

ஆசிரியை எளிதாக முடிவெடுக்கவில்லை. ஒரு ஞாயிறு வந்து, குசினித் தரையில் உட்கார்ந்து, ஈரத்தைப் பற்றியும் பூச்சிகளைப் பற்றியும் வரிசையாகக் கேட்டார். மனைவி தன் இளைப்பை ஒளிக்காமல் சொன்னாள். குழியின் தலையைத் திறந்து மேல்நோக்கிக் காற்றுக்குழாய் போட்டால் சுவர் காயும் என்று ஜியோமெத்ரா சொன்னதையும் சொன்னேன். அலுவலகம் அதற்கு அனுமதி தந்தது. குழிக்கு இரும்புக் கம்பி மூடி, அதை எவரும் அடைக்கக் கூடாது என்ற நிபந்தனை. எல்லாம் சேர்த்து வரைபடம் புதிதாக வரையப்பட்டது. வைகாசியில் ஆசிரியை சரி என்றார்.

இந்த நாட்டில் உறுதியை நோத்தாயோ சத்தமாக வாசிக்க வேண்டும். எங்கள் நோத்தாயோ வேகமாக வாசிப்பவர். பெயர்கள், எல்லைகள், அறைகள் எல்லாம் மந்திரம்போல ஓடின. ஓரிடத்தில் மட்டும் வேகம் குறைந்தது. குசினியின் வடகிழக்குச் சுவரில் உள்ள குழியும் அதன் கீழே ஓடும் நீர்வழியும் இந்த விற்பனையில் அடங்கா. அவை அரசுக்குரியவை என்று வாசித்தார்.

மனைவி என் கையைத் தட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். தமிழில் சொன்னேன்.

"அப்ப கிணறு விக்கேல்லை?"

"இல்லை. அது அரசாங்கத்தின்ரை."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அரசாங்கம் எண்டால் எல்லாருந்தானேப்பா. வரி கட்டுற நாங்களுந்தானே. அப்ப எங்கடை பங்கு எங்களிட்டைத்தான் இருக்கு."

நோத்தாயோ கண்ணாடிக்கு மேலால் பார்த்து, ஏதாவது ஆட்சேபமா என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரிக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியை பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓம், உங்கள் பங்கு அங்கேதான் இருக்கும் என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.

இப்போது மூன்றாம் மாடியில் இருக்கிறோம். வெயில் வருகிறது, சுவர் வெள்ளையாக இருக்கிறது, மனைவி படுத்தால் விடியும் வரை எழும்பாமல் நித்திரை கொள்கிறாள். மூச்சுப் பம்பு அலுமாரியில் கிடக்கிறது. சாமித் தட்டை இந்த முறை ஜியோமெத்ராவிடம் கேட்ட பிறகுதான் அடித்தேன். அதில் விளக்கு ஆடாமல் நேராக எரிகிறது. சில வெள்ளிக்கிழமைகளில் மனைவி அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. ஏனென்றால், வேலைக்குப் போகும் பேருந்து அந்தப் பழைய தெருவைக் கடக்கும்போது நானும் பேசாமல்தான் இருக்கிறேன்: காலுக்குக் கீழே, பெயர் தெரியாத யாரோ ஒருவர் ஒரு சிறு விளக்கின் வெளிச்சத்தில் தவறாமல் வைத்த அந்தச் சரிவில், எங்கள் பங்குத் தண்ணீர் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.